ஆனைப்பார் வாய்க்காப்பான்

மூன்று பேரோடு ஆனைப்பார் என்கிற கடலடிப் பாறைத்திட்டுக்குப் போன வள்ளம் மூன்று பேரோடுதான் கரைக்குத் திரும்பியது, ஆனால் அதில் ஒருவன் செத்திருந்தான், ஒருவன் பேசிக்கொண்டே இருந்தான், ஒருவன் வாயைத் திறக்கவே இல்லை. செத்திருந்தவன் தொபியாஸ், வள்ளத்துக்குச் சொந்தக்காரரான லெயோன் சம்மாட்டியின் தம்பி, கல்யாணம் ஆகாதவன். பேசிக்கொண்டே இருந்தவன் ரெமிஜியுஸ், மேலே இருந்து கயிறு பிடித்தவன். வாயைத் திறக்காதவன் கஸ்பார், ரெமிஜியுஸின் அக்கா கித்தேரியைக் கட்டியவன், எங்கள் சலேத்துபுரத்திலேயே நீளமூச்சுக்காரன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் சங்கு குளிக்கிறவர்கள். மற்ற கரைகளுக்கெல்லாம் காற்றுக்குழாய் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, நாங்கள் மட்டும் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுப்பில் கயிற்றைக் கட்டி இறங்குகிறோம், அதைப் பிடிவாதம் என்றாலும் சரி, பைத்தியம் என்றாலும் சரி. மேலே கயிற்றைப் பிடிக்கிறவன் குளிக்கிறவனுடைய மச்சானாகத்தான் இருக்க வேண்டும், அதாவது பெண்டாட்டியோடு பிறந்தவனாக. அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது, அவர்களுக்கு நடுவில் சொத்து இருக்கிறது. சிநேகிதன் பிடிக்கக் கூடாது, இன்றைக்கு இருக்கிற சிநேகம் நாளைக்கு இருக்காது. மச்சான் கையிலிருந்து கயிறு நழுவினால் தாலி அறுவது அவனோடு பிறந்தவளுக்கு, அதனால் அவன் கை நழுவாது. கீழே இருக்கிறவன் கயிற்றை மூன்று தரம் சுண்டினால் தூக்க வேண்டும், சுண்டாமல் தூக்கக் கூடாது, கடலுக்கடியில் அதுதான் பேச்சு, வேறு பேச்சுக் கிடையாது. மச்சான் இல்லாதவன் குளிக்க இறங்கக் கூடாது என்று எங்கள் முன்னோர்கள் சொல்லி வைத்தது இதற்குத்தான். தொபியாஸுக்கு மச்சான் இல்லை. அன்றைக்கு இரண்டு கயிற்றையும் ரெமிஜியுஸ் ஒருவனே பிடித்திருந்தான்.

"தொபியாஸ் கயிறு அசையவே இல்ல. மாதா மேல சத்தியமா அசையல" என்று அவன் அலைக்குள் நின்று சொன்னான், வள்ளத்திலிருந்து பிணத்தை இறக்கும்போதும் சொன்னான், பிணத்தின் மேல் வேட்டியைப் போர்த்தும்போதும் சொன்னான். "மச்சான் கயிறு மூணு தரம் சுண்டிச்சி, தூக்கினேன். அப்புறந்தான் இவன் கயித்த இழுத்துப் பாத்தேன், பாறையில மாட்டுன மாதிரி நின்னுட்டு. நானே குதிச்சி எடுத்துட்டு வந்தேன்."

லெயோன் சம்மாட்டி தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. தலையை நிமிர்த்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அசையாத கயித்துக்கு நீ ஏம்ல குதிச்ச?"

அத்தனை பேரும் கஸ்பார் பக்கம் திரும்பினோம். கீழே இருந்தவன் அவன், கண்ணால் பார்த்தவன் அவன். அவனோ இரண்டு உதட்டையும் இறுக்கி, கன்னம் இரண்டும் உப்பி, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, வாயைத் தொட்டுத் தொட்டுக் காட்டினான். நாக்கைக் கடித்துக்கொண்டான் என்றார் ஒருவர். பயத்தில் வாய் கட்டிவிட்டது என்றார் இன்னொருவர். கித்தேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவன் தாடையைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பினாள். அவன் உதட்டை ஒரு நெல்மணி அளவுக்குத் திறந்தான். உள்ளே செம்பொன் நிறத்தில் முத்து முத்தாக முட்டைகள், ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கறுப்புக் கண்கள், அத்தனை கண்களும் அவளைப் பார்த்தன.

"வாய்க்காப்பான் முட்டை" என்றாள் கித்தேரி.

அதற்குப் பிறகு யாருக்கும் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. வாய்க்காப்பானை அறியாதவர் எங்கள் கரையில் இல்லை. பெருவிரல் நீளம், குங்குமமும் மஞ்சளும் குழைத்த நிறம், யாரோ மெனக்கெட்டுக் கோடு கிழித்ததுபோல் தலையிலிருந்து வால்வரை இரண்டு நீலக் கோடு, முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண். பெண்மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், ஆண்மீன்தான் அத்தனையையும் வாய்க்குள் வாங்கி, குஞ்சு பொரித்து வெளியே நீந்தும்வரை தின்னாமல் கொள்ளாமல் வாயை மூடிக்கொண்டு இருக்கும். அந்த வருஷம் தண்ணீர் சுட்டது. பாரில் பூத்திருந்த பவளம் எல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துப்போய், வாய்க்காப்பான்கள் வாய் நிறையப் பிள்ளைகளோடு செத்துச் செத்து ஒதுங்கிக்கொண்டிருந்தன. சாகப்போகிற தகப்பன் ஒன்று பிள்ளைகளை விடுவதற்கு ஒரு வாய் தேடியிருக்கிறது, பக்கத்தில் கஸ்பாரின் வாய் இருந்திருக்கிறது. அவ்வளவுதான். நாங்கள் அதிலே ஆச்சரியப்படவில்லை, எங்களுடைய கவலை வேறாக இருந்தது.

தொபியாஸை அடக்கம் செய்துவிட்டு ஊரே மாதா கோயில் கொடிமரத்தடியில் கூடியது. கடலில் நடந்ததற்கு எங்கள் ஊரில் கொடிமரத்தைத் தொட்டு வாயால் சத்தியம் சொல்ல வேண்டும். கையைக் காட்டினாலோ, தலையை ஆட்டினாலோ செல்லாது, தலையை ஆட்டுவதற்கு ஆடு போதும் என்பார்கள். கஸ்பார் மட்டும் வாயைத் திறந்து 'தொபியாஸ் கயிறு சுண்டியது, ரெமிஜியுஸ் தூக்கவில்லை' என்று சொல்லிவிட்டால் ரெமிஜியுஸின் கதை அன்றோடு முடிந்தது. கயிற்றை விட்டவனுக்கு எங்கள் கரையில் இடம் கிடையாது, யாரும் அவனுக்கு நெருப்புக்கூடக் கொடுக்க மாட்டார்கள். அது ஊர்த் தண்டனை. லெயோன் வீட்டு ஆட்கள் அதற்கு மேலும் ஒன்றை மனதில் வைத்திருந்தார்கள் என்பது அவர்கள் கை இடுப்புக் கத்தியை விட்டு எடுபடாததிலேயே தெரிந்தது.

"துப்பச் சொல்லுங்க" என்றார் லெயோன். "ஒரு கை மீன்முட்டைக்காக எந் தம்பி சாவுக்கு வழக்கு நிக்கணுமா?"

ஊர்த்தலைவர் பிள்ளைத்தாய்ச்சியைக் கொடிமரத்துக்குக் கூப்பிடக் கூடாது என்று ஒரு ஊர்க்கட்டு இருப்பதை நினைவுபடுத்தினார். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் சேர்த்துச் சத்தியம் செய்ததாகிவிடும், பிள்ளைக்கு அதில் சம்மதமா என்று கேட்க முடியாது, அதனால் அந்தக் கட்டு. பிள்ளை வயிற்றில் இருந்தால் என்ன, வாயில் இருந்தால் என்ன என்றார். சாமியாரைப் பார்த்தார்கள். சாமியார், வேதத்தில் இதைப் பற்றி எதுவும் இல்லை, அதனால் தடையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் பூசைக்குப் போய்விட்டார். குஞ்சுகள் பிரியும்வரை காத்திருப்பது, பிரிந்த அந்த நிமிஷமே, அந்த இடத்திலேயே, கஸ்பார் பேசுவது என்று முடிவானது.

ஊர் கஸ்பாரைப் பிள்ளைத்தாய்ச்சியாகவே நடத்தியது, அதில் பாதி பரிதாபம், பாதி பயம். சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து கையில் குளுக்கோஸ் ஏற்றினாள், நாடியைப் பார்த்தாள், தாயும் சேயும் நலம் என்று சொல்ல வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். கோயிலில் சாமியார் அவனுக்கு நன்மை அப்பத்தை வாயில் கொடுக்காமல் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார். ஆனைப்பார்த் தண்ணீரை முறை வைத்துக் குடம் குடமாகக் கொண்டுவந்தார்கள், அவன் முகத்தைக் குடத்துக்குள் அமிழ்த்தி, உதட்டை விரித்து, பழைய தண்ணீரை விட்டுப் புதிய தண்ணீரை வாங்கிக்கொள்வான். துறைமுகத் தண்ணீர் ஆகாது, அதில் எண்ணெய் மிதக்கிறது. தெரு முழுக்கத் தாளிப்பு நின்றுபோனது, கடுகு வெடித்து மிளகாய் கமறினால் அவன் தும்மிவிடுவான், தும்மினால் ஒரு தலைமுறையே தெறித்துப் போய்விடும். கொட்டாவி வந்தவர்கள் தெருவைத் தாண்டிப் போய் விட்டுவிட்டு வந்தார்கள். முடிவெட்டுகிறவர் தலைமுடியை மட்டும் வெட்டினார், மீசையைத் தொட மாட்டேன் என்றார்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் சிரிக்கக் கூடாது என்பதுதான். கஸ்பார் எதற்கும் சிரிக்கிறவன், ஈக்குக் கால் முளைத்தது என்றாலே சிரிப்பான். எதிர்வீட்டுப் பிரகாசி ஒருநாள், "ஏட்டி கித்தேரி, ஒம் புருஷனுக்கு வளைகாப்பு எப்பட்டி?" என்று கேட்டுவிட்டாள், அவன் முகம் சிவந்து, தோள் குலுங்கி, மூக்கு விடைத்து, கித்தேரி ஓடிவந்து இரண்டு கையாலும் அவன் வாயைப் பொத்திக்கொள்ள, தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. சிரிப்பு அடங்கியது. அடங்கியபோது அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, அது சிரித்த கண்ணீர் இல்லை என்பது கித்தேரிக்கு மட்டும் தெரிந்தது. அதன் பிறகு அந்தத் தெருவில் யாரும் வேடிக்கையாக எதுவும் பேசவில்லை. கேலி இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. பேச்சு எல்லாம் வழக்குப் பேச்சாகவே இருந்தது, வாசலில் நின்று பேசுகிறவர்கள் கத்தியைத் தீட்டுகிறவர்களைப்போல் தணிந்த குரலில் பேசினார்கள்.

ஒரு மத்தியானம், கஸ்பார் கொல்லையில் குடத்துக்குள் முகத்தை வைத்திருந்தபோது ரெமிஜியுஸ் அக்காவைப் பார்க்க வந்தான். ஆள் பாதியாகிப் போயிருந்தான். கித்தேரி அவனுக்குத் தாளிக்காத குழம்பை ஊற்றிச் சோறு வைத்தாள். அவன் பிசைந்துகொண்டே இருந்தான்.

"ஏல ரெமி, நெசமாவே அசையலையா?"

அவன் சோற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ரெண்டும் ஒண்ணாச் சுண்டிச்சிக்கா."

கித்தேரி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"வலது கையில ஒரு கயிறு, எடது கையில ஒரு கயிறு. ரெண்டும் மூணு தரம். எனக்கு இருக்கது ஒரு ஒடம்புதானக்கா. ஒந் தாலி இருந்த கயித்த இழுத்தேன். மச்சான் மேல வந்ததும் அவன இழுத்தேன், அதுக்குள்ள…" அவன் எழுந்து கையைக் கழுவாமலே நின்றான். "மச்சான் பாத்திருக்காரு. வள்ளத்துல வச்சி எம் மூஞ்சியப் பாத்தாரு பாரு, அதுலயே தெரிஞ்சிட்டு. அவரு வாயத் தொறந்தா நான் செத்தேன்."

கித்தேரி எட்டி அவன் வாயைப் பொத்தினாள். அந்த வீட்டில் வாயைப் பொத்துவதே அவளுக்கு வேலையாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் கஸ்பார் குடத்திலிருந்து முகத்தை எடுத்து, தாடியிலிருந்து தண்ணீர் வழிய, இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றான். எவ்வளவு கேட்டது என்று தெரியவில்லை. அவன் மச்சினன் பக்கமாக ஒரு எட்டு எடுத்து வைத்தான், கையை நீட்டினான், எதையோ சொல்ல வேண்டும்போல் நெஞ்சைத் தட்டித் தட்டிக் காட்டினான். ரெமிஜியுஸ் அதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டு ஓடிப்போனான்.

அன்றிலிருந்து கித்தேரிக்குத் தூக்கம் போய்விட்டது. புருஷன் வாய்க்குள் இருப்பது மீன்குஞ்சா, தம்பியின் சாவா என்று அவளுக்குப் புரியவில்லை. குடத்தில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிவிட்டால் குஞ்சுகள் ஒரே நொடியில் செத்துவிடும், ஆனால் செத்தால் வாய் திறந்துவிடும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் குஞ்சுகள் பிழைத்துவிடும், பிழைத்தாலும் வாய் திறந்துவிடும். இது இரண்டும் இல்லாமல் முட்டை முட்டையாகவே, வாய் மூடியது மூடியதாகவே, அவன் பட்டினியும் இவள் பயமுமாகக் காலம் நின்றுவிடக் கூடாதா என்று சலேத்மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். நாலு பேர் கேட்டால் காறித்துப்பக்கூடிய வேண்டுதல். ஆனால் அவள் இடத்தில் நீங்கள் இருந்தாலும் அதையேதான் வேண்டியிருப்பீர்கள்.

லெயோன் வீட்டார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். கடற்காற்று தெருவுக்கு நேராக வீசிய ஒரு பகல்பொழுதில், மீன் காயப்போடும் களத்தில் மிளகாய் வற்றலை மூட்டையாகக் கொட்டி நெருப்பு வைத்தார்கள். கொசுவுக்குப் புகை போடுகிறோம் என்றார்கள், கொசுவுக்கு மிளகாய் போடுகிற ஊர் எங்கே இருக்கிறது? புகை தெருவுக்குள் உருண்டு வந்தது. பிள்ளைகள் அலறின, நாய்கள் தும்மின, கோழிகள் தும்மின. கஸ்பார் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து ஓடினான். மூக்கைப் பிடித்தால் வாயால் மூச்சுவிட வேண்டும், வாயால் விட முடியாது, ஆகவே அவன் மூச்சே இல்லாமல் ஓடினான், முழுத் தெருவையும், களத்தையும், மணலையும் மூச்சில்லாமல் ஓடிக் கடந்தான். பெண்கள் சேலைகளை நனைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பிடித்து நின்றார்கள், நடுவில் அவன் ஓடினான், போய் அலைக்குள் விழுந்தான். கரையில் லெயோன் சம்மாட்டி நின்றிருந்தார். அவன் எழும்பும் நேரத்தை, கண்ணை எடுக்காமல், பார்த்துக்கொண்டே நின்றார். அவன் எழும்பியபோது வாய் மூடியே இருந்தது.

"என்னா மூச்சுல இவனுக்கு!" என்றார், வெறுப்பும் வியப்புமாக.

பிறகு ஒரு காலையில் கஸ்பார் கித்தேரியின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்தான். உள்ளே கொதிக்கும் கஞ்சியைப்போல் துள்ளியது. முட்டையெல்லாம் மீனாகிவிட்டது. செய்தி அடுப்பு மூட்டும் முன் ஊர் முழுக்கப் போய், அத்தனை வள்ளங்களும் ஆனைப்பாருக்குக் கிளம்பின. எங்கள் ஊரில் பெண்கள் வள்ளம் ஏறுகிற வழக்கம் இல்லை, ஆனால் பேறுகாலத்துக்குப் பொம்பளை துணை வேண்டாமா என்று பிரகாசி கேட்டதும் யாரும் மறுக்கவில்லை. கஸ்பார் ஏறிய வள்ளத்தில் கித்தேரி குடத்தைக் கட்டிக்கொண்டு ஏறினாள். அதே வள்ளத்தில் லெயோன் ஏறினார். சாட்சி சொல்கிற வாய்க்குப் பக்கத்தில் இருக்க எனக்கு உரிமை உண்டு என்றார், அதையும் யாரும் மறுக்கவில்லை.

பாரில் போய் நின்றபோதுதான் எல்லோருக்கும் அது உறைத்தது. கஸ்பார் இறங்க வேண்டும். மேலே கயிற்றை மச்சான் பிடிக்க வேண்டும். அந்த வாய் திறந்தால் எவன் சாவானோ, அவன் கையில்தான் அந்த வாயின் உயிர்.

"அவன் பிடிக்கக் கூடாது" என்று லெயோன் கத்தினார். "அவன் விட்டுருவான்! சாட்சியோட கத முடிஞ்சிரும்!"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதே வள்ளத்தில் இருந்த ரெமிஜியுஸே பின்னால் நகர்ந்தான், கையை வேட்டிக்குள் ஒளித்துக்கொண்டான். கித்தேரி தம்பியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், அவளுக்கு எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை. கஸ்பார் இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டான். கயிற்றின் மறுமுனையை எடுத்துக்கொண்டு போய் ரெமிஜியுஸின் ஒளித்த கையை வெளியே இழுத்து, விரல்களைப் பிரித்து, உள்ளங்கையில் வைத்து, மறுபடி மடக்கினான். பிறகு இறங்கிவிட்டான்.

அன்றைக்குத் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. வெளுத்த பாருக்கு மேல், ஆனை படுத்திருப்பதுபோல் இருக்கும் அந்தப் பாறைக்குப் பக்கத்தில், ஒரு இடத்தில் மட்டும் பவளம் இன்னும் சிவப்பு வாடாமல் இருந்தது. கஸ்பார் அங்கே மண்டியிட்டதை நாங்கள் மேலிருந்து பார்த்தோம். அவன் வாயைத் திறந்தான். முதலில் ஒன்று, பிறகு ஒன்று, பிறகு ஒரு கைப்பிடிப் பொன்தூளை ஊதிவிட்டதுபோல் எல்லாமாக வெளியே வந்து, பவளத்தின் கிளைகளுக்குள் நுழைந்து மறைந்தன. சில வள்ளங்களில் பெண்களைப்போல் ஆண்கள் அழுதார்கள். எதற்கு அழுதோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ரெமிஜியுஸ் மட்டும் எதையும் பார்க்கவில்லை, கையில் இருந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். கயிறு மூன்று தரம் சுண்டியது.

அவன் தூக்கவில்லை.

ஒரு நிமிஷமாவது இருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள், ஒரு கண் இமைப்புதான் என்று சிலர் சொல்கிறார்கள். லெயோன் துடுப்பை எடுத்தார். கித்தேரி, "ரெமி!" என்று ஒரு சத்தம் போட்டாள். அவன் தூக்கினான், தேம்பிக்கொண்டே, கை மாற்றிக் கை மாற்றித் தூக்கினான்.

கஸ்பார் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து, தண்ணீரிலேயே தொங்கிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். எத்தனையோ காலமாகப் புழங்காத குரல் துருப்பிடித்த பூட்டைப்போல் திறந்தது.

"லெயோன் அண்ணாச்சி. ஒங்க தம்பி கயித்தச் சுண்டினான். கால் பாறை இடுக்குல மாட்டியிருந்திச்சி. மூணு தரம் சுண்டினான். நான் பாத்தேன்."

லெயோனின் துடுப்பு உயர்ந்தது. பக்கத்து வள்ளங்களிலிருந்து அவருடைய ஆட்கள் தாவத் தயாரானார்கள்.

"நில்லுங்க! இன்னும் முடியல" என்றான் கஸ்பார். "அதே நேரத்துல நானும் சுண்டினேன். அந்த மீனு வந்து என் வாயில முட்டைய விட்டுட்டு, வாய் நெறஞ்சிட்டு, பயந்துட்டேன். பயத்துலதான் சுண்டினேன். எனக்கு மூச்சு இருந்திச்சி அண்ணாச்சி. அவனுக்குத்தான் தீந்து போச்சி. நான் சுண்டாம இருந்திருந்தா மச்சினன் அவனத் தூக்கியிருப்பான். இதத்தான் அன்னையில இருந்து சொல்ல முடியாம கெடந்தேன்."

லெயோனின் முகம் இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டது.

"பொய்யி. மச்சினனக் காப்பாத்தப் பொய் சொல்லுத" என்றார். "எவ்வளவுல இருந்திச்சி ஒனக்கு மூச்சு? சொல்லு. எவ்வளவு இருந்திச்சி?"

கஸ்பார் வாயை மூடினான், விளிம்பிலிருந்து கையை எடுத்தான், இறங்கிவிட்டான்.

நேராகத் தொபியாஸின் கால் மாட்டிய அந்தப் பாறை இடுக்குக்குப் போய், இரண்டு கையாலும் பாறையைக் கட்டிக்கொண்டு இருந்தான். மேலே நாங்கள் எல்லோரும், சொல்லிவைத்ததுபோல், அவனோடு சேர்ந்து மூச்சைப் பிடித்தோம். முதலில் கிழவர்கள் விட்டார்கள். பிறகு பெண்கள் விட்டார்கள். பிறகு குளிக்கிற வாலிபர்கள், தொழில் தெரிந்தவர்கள், முகம் கறுத்து, ஒருவர் பின் ஒருவராக விட்டார்கள். கடைசியில் ஊரில் ஒருவரும் மூச்சைப் பிடித்திருக்கவில்லை, கீழே அவன் மட்டும் இருந்தான். ஒரு ஆளைத் தூக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கயிறு பிடித்த அத்தனை பேருக்கும் தெரியும், அந்த நேரம் எப்போதோ கடந்துபோயிருந்தது. தொபியாஸைத் தூக்கியிருக்கலாம். தூக்கி, மணலில் படுக்க வைத்து, திரும்பி வந்து இவனையும் தூக்கியிருக்கலாம். அதற்கு மேலும் அவன் இருந்தான். கயிறு அசையவில்லை.

"சுண்டுவாரு" என்றாள் கித்தேரி, யாருக்கும் இல்லாமல். "இப்ப சுண்டுவாரு."

ரெமிஜியுஸ் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். சுண்டாமல் தூக்கக் கூடாது என்பது கட்டு. அவன் பிறந்ததிலிருந்து அறிந்த கட்டு. கயிறு அசையவில்லை, இந்தத் தடவை நிஜமாகவே அசையவில்லை.

பாறையிலிருந்து ஒரு காற்றுக்குமிழி மேலே வந்து உடைந்தது. லெயோன் அந்தக் குமிழியைப் பார்த்தார். துடுப்பு அவர் கையிலிருந்து நழுவிக் கடலில் விழுந்தது.

"தூக்கு" என்றார்.

"சுண்டலையே அண்ணாச்சி!"

"சுண்ட மாட்டான்ல, தூக்கு! ரெண்டு கயித்தையும் நீயே பிடின்னு சொன்னவன் நான்தாம்ல! மச்சான் இல்லாத பயல எறக்கினவன் நான்தான்! தூக்குல!"

அவர் மச்சான் இல்லை, உறவும் இல்லை, இந்தக் கயிற்றைத் தொட அவருக்கு எந்த முறையும் கிடையாது. தாவி வந்து ரெமிஜியுஸின் கைக்கு முன்னால் தன் கையைப் போட்டுப் பிடித்தார். கித்தேரி குடத்தைப் போட்டுவிட்டு இரண்டு பேருக்கும் பின்னால் பிடித்தாள். கயிறு பாறையில் இழுபட்டு நின்றது, அவர்கள் விடவில்லை, மறுபடி இழுத்தார்கள், கனமாக, மெதுவாக, வந்தது. கஸ்பாரின் தலை தண்ணீருக்கு மேலே வந்தபோது உதடு நீலமாக இருந்தது, வாய் மூடியிருந்தது. லெயோன் சம்மாட்டி குனிந்து, மூச்சு உள்ளே போகட்டும் என்று, தன் இரண்டு கைவிரலாலும் அந்த வாயைப் பிடித்துத் திறந்தார்.